தலையணைக்கு வெயில் போதும்

எங்கள் போடிப் பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ப் பட்டியலில் இலவம் பஞ்சு மெத்தைக்கும் ஜோடித் தலையணைக்கும் கட்டாயம் இடம் உண்டு. குரங்கணி, கொட்டகுடி மலைச் சரிவுகளிலும், அந்தப் பக்கம் கடமலைக்குண்டு, வருசநாடு வரையிலும் இலவ மரங்கள் நிற்கின்றன. பங்குனி, சித்திரையில் காய் நெற்றானதும் பறித்து, ஓட்டை உடைத்து, கொட்டையை நீக்கிப் பஞ்சைப் பிரிக்கிறார்கள். பறக்கும் தூசிக்காக முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்யும் பெண்களைப் பார்த்தவர்கள், தலையணை விலையில் பேரம் பேசக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

இலவம் இழை உள்ளே வெறும் குழாய். அதில் நிறைந்திருப்பது காற்று. மேலே மெழுகு போன்ற மெல்லிய பூச்சு. அதனால்தான் இது கனம் இல்லாமல், லேசில் தண்ணீரில் நனையாமல் இருக்கிறது. முன்பெல்லாம் கப்பலில் போகிறவர்களின் உயிர்காப்பு உடைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை குட்டை, வழுவழுப்பு. பருத்தியைப் போல நூற்றுத் துணி நெய்ய வராது.

கடையில் வாங்கும்போது ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து விரலில் திரித்துப் பாருங்கள். பருத்தி என்றால் நூலாக முறுக்கேறும். இலவம் வழுக்கிக்கொண்டு பிரியும். பளபளப்பும் தெரியும். பஞ்சு அடைக்கும் துணி நெருக்கமாக நெய்த கெட்டித் துணியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தையல் வழியே பஞ்சு வெளியே வந்து வீடெல்லாம் பறக்கும். மேலுறைக்குப் பருத்தி நல்லது. வசதி இருந்தால் லினன் போடலாம். ஆளிச் செடியின் தண்டு நாரில் நெய்தது, வியர்வையை உறிஞ்சும், துவைக்கத் துவைக்க மிருதுவாகும்.

உறையை வாரம் ஒருமுறை துவையுங்கள். தலையணையைத் துவைக்க வேண்டாம். மாதம் ஒருமுறை காலை வெயிலில் போட்டு, திருப்பி எடுத்தால் போதும். கோபத்தோடு தடியால் அடிக்காதீர்கள், இழை நொறுங்கித் தூளாகிவிடும். விளக்கு, அடுப்புப் பக்கம் பஞ்சைப் பிரிக்கவே கூடாது; சட்டென்று பற்றிக்கொள்ளும்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு நல்ல பஞ்சானாலும், ஒரு வயது நிறையும்வரை குழந்தைக்குத் தலையணை வேண்டாம். முகம் புதைந்தால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது, மூச்சு முட்டிவிடும். கடுகுத் தலையணையும் வேண்டாம். என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது நாத்தனார் ஒன்று தைத்துக்கொண்டு வந்தாள். "என்ன மதினி, புள்ளைக்கு மண்டை ஒருபக்கமா சப்பிப் போயிராதா?" என்று அவளுக்கு மனத்தாங்கல். "வேண்டாம்னு சொல்லலை, ஒரு வருசம் போகட்டும்மா. டாக்டரும் அதைத்தான் சொல்றாங்க" என்று வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அமுங்காத, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்திலேயே இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தலை ஒருபக்கம் தட்டையாகாமல் இருக்க அது உதவும். பெரியவர்கள் வருத்தப்பட்டால் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்காதீர்கள்.