கையில் ஒளிந்த ஆட்டம்

பழைய வண்டியின் ஸ்டீயரிங்கில் இருக்கும் ஆட்டத்தை அதைத் தினமும் ஓட்டுகிறவன் கண்டுபிடிப்பது கடினம். அது ஒரே நாளில் வருவதில்லை. இருபது முப்பது வருடங்களில் ஒரு மயிரிழை, அப்புறம் இன்னொரு மயிரிழை என்று சேர்கிறது. ஒவ்வொன்றையும் ஓட்டுகிறவனின் கை வாங்கி வைத்துக்கொள்கிறது. வண்டி லேசாக வலப்பக்கம் ஒதுங்கினால் கை இடப்பக்கம் திருப்பும். கொஞ்சம் கூடிப்போனால் திரும்பவும் வலப்பக்கம். அவனைக் கேட்டுப் பாருங்கள், 'நேராத்தானே போகுது' என்பான்.

என்னிடம் இருப்பது 1994ஆம் வருடத்து செவர்லே சி1500 பிக்கப். பின்சக்கர இயக்கம், நீளமான தொட்டி, 2 லட்சத்து 11 ஆயிரம் மைல். டெக்சாஸில் ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெரியவர், கண் பார்வை மங்கியதும் விற்றார். மண் மூட்டை, மரப்பலகை, வீடு மாறும் நண்பர்களின் சோபா என்று எல்லாம் அதில் போகும். அலுவலகத்துக்குப் போக வேறு கார் இருக்கிறது. ஆனால் ஓட்டும்போது சந்தோஷமாக இருப்பது இதில்தான்.

அப்பா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். சங்ககிரிக்காரர். 31 வருடம் லாரி ஓட்டியவர், அதில் பாதிக்கு மேல் பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டிகள். ஓட்டுவதை விட்டுப் பல வருடம் ஆகியும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். லோடு கிளம்பும் நேரம் அது. ரவுண்ட் ராக்கில் மூன்று மணிக்கு எழுந்து என்ன செய்வது? இருட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பார். பகலில் நடக்கப் போனால் தெருவில் ஒரு ஆள் இருக்காது. வந்த மூன்றாம் வாரம் உரம் வாங்க அவரைப் பிக்கப்பில் கூட்டிக்கொண்டு போனேன். ஐ-35 நெடுஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் பேசாமல் வந்தவர் கேட்டார்:

"ஏங்கண்ணு, ரோடு நேராத்தான இருக்குது? உன்ற கை ஏன் நிக்கவே மாட்டேங்குது?"

டெக்சாஸில் தனியார் வாகனங்களுக்கு வருடாவருடம் ஒரு பாதுகாப்புச் சோதனை இருந்தது. பிரேக், விளக்கு, டயர், ஸ்டீயரிங் எல்லாம் பார்ப்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் வணிக வாகனங்கள் தவிர மற்றவற்றுக்கு அதை எடுத்துவிட்டார்கள். பணம் கட்டினால் பதிவு புதுப்பித்துவிடும். முப்பது வருட வண்டியை மணிக்கு 70 மைலில் ஓட்டுகிறவனைத் தவிர இனி அதன் முன்பக்கத்துக்கு அடியில் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. அந்த வண்டியில்தான் என் ஐந்து வயது மகளும் சில ஞாயிறுகளில் செடி வாங்க வருகிறாள்.

ஒரு பட்டறையில் காட்டினேன். முன்பக்கம் முழுவதும் மாற்றச் சொன்ன தொகை, நான் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். "இப்போதைக்கு ஐட்லர் ஆர்மை மட்டும் மாற்றலாம், மற்றதெல்லாம் பரவாயில்லை ரகம்" என்றார்கள். வீட்டில் சொன்னபோது மனைவிதான் வழி சொன்னாள். "மாமா சும்மாதான உக்காந்திருக்காரு. நீங்க ரெண்டு பேருமே பண்ணுங்களேன்."

அப்பாவுக்கு முட்டி மடங்காது, கீழே படுக்க முடியாது. வலது தோள் காதுக்கு மேல் போகாது. அதனால் அவர் ஓட்டுநர் இருக்கையில், நான் வண்டிக்கு அடியில். அமெரிக்காவில் அவர் ஸ்டீயரிங் பிடித்தது அந்த ஒரு முறைதான். இடது பக்கம், இன்ஜின் அணைத்த வண்டி. "கண்ணால பாக்காத. மூட்டு மேல கைய வெய்யி. நான் ஆட்டறேன்" என்றார்.

அடியில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீயரிங் தண்டு, சட்டத்தின் இடப்பக்கம் இருக்கும் கியர் பெட்டிக்குள் இறங்குகிறது. அதிலிருந்து பிட்மேன் ஆர்ம். அது நடுத்தண்டை இடம் வலமாகத் தள்ளுகிறது. நடுத்தண்டின் மறுமுனையை வலப்பக்கச் சட்டத்திலிருந்து ஐட்லர் ஆர்ம் தாங்குகிறது. நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் உள் டை ராடு, வெளி டை ராடு, அப்புறம் சக்கரம். வலது சக்கரத்துக்குப் போகும் வழியில் மட்டும் எண்ணினால், பெட்டியைச் சேர்த்து ஐந்து இடங்களில் தேய வாய்ப்பு இருக்கிறது.

அப்பா ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலம் இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணுக்கு எதுவுமே அசையவில்லை. மூட்டின் மேல் கை வைத்தால் உள்ளே 'டொக்' என்று ஒன்று இடிப்பது தெரிந்தது. ஐட்லரில் நன்றாக, மற்ற எல்லாவற்றிலும் லேசாக. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பரவாயில்லை ரகம்தான், பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை.

அன்று இரவு ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். எல்லா மூட்டும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் ஆட்டம். சக்கரத்தைத் திருப்பும் கரம் 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சக்கரத்தில் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேல். ஸ்டீயரிங் விகிதம் 15க்கு 1 என்றால் அது வளையத்தில் 17 டிகிரி. 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் என் கை வெறும் காற்றைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

என் வேலையில் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டு சர்வீஸ்கள் ஒன்றையொன்று கூப்பிடும். ஒவ்வொரு குழுவின் திரையிலும் பச்சை விளக்கு, ஒவ்வொன்றும் அனுமதித்த நேரத்துக்குள். பயன்படுத்துகிறவர் மட்டும் நாலு விநாடி காத்திருப்பார். குற்றவாளி என்று யாரையும் பிடிக்க முடியாது. கொஞ்ச நாளில் அவரும் பழகி, அழுத்திவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விடுவார். அப்புறம் புகாரும் வராது.

முழுவதையும் மாற்றுவது என்று முடிவானது. பாகங்களெல்லாம் இன்னும் கிடைக்கின்றன. ஸ்பிரிங் அமுக்கியையும் பால் ஜாயிண்ட் பிரஸ்ஸையும் உதிரிபாகக் கடையில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பிவிடும்.

முதல் எதிரி டை ராடு முனை. கூம்பு வடிவத் தண்டு, கூம்பு வடிவத் துளையில் முப்பது வருடமாக இறுகிக் கிடக்கிறது. நட்டைக் கழற்றினாலும் வராது. அப்பா இரண்டு சுத்தியல் கேட்டார். ஒன்றைத் துளையின் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்து, மறுபக்கம் இன்னொன்றால் அடிக்கச் சொன்னார். "தண்ட அடிக்காத. அத சுத்தி இருக்கற இரும்ப அடி. அது அதிர்ந்தா தானா உட்டுரும்." நாலாவது அடியில் கழன்று விழுந்தது. பழையதைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி வைத்தேன். புதியதையும் அதே சுற்றில் ஏற்றினால் சக்கரங்களின் கோணம் ஏறக்குறைய பழைய இடத்துக்கே வரும்.

பால் ஜாயிண்ட் அவருக்குப் புதிது. அவர் ஓட்டிய லாரிகளில் முன்பக்கம் ஒரே இரும்பு உத்தரம், இரண்டு முனையிலும் கிங் பின். அமெரிக்கக் கார்களில் 1952ல் லிங்கன்தான் முதலில் முன்சக்கரங்களுக்குப் பால் ஜாயிண்ட் வைத்தது. என் வண்டியில் மேல் கை, கீழ்க் கை என்று இரண்டு. நடுவில் சுருள் ஸ்பிரிங். ஸ்பிரிங் கீழ்க் கையில் உட்கார்ந்திருப்பதால் அந்த மூலையின் பாரம் முழுவதும் கீழ் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அது கழன்றால் சக்கரம் சாய்ந்து வண்டி ஒரு பக்கமாகச் சாலையில் உட்கார்ந்துவிடும். கையில் வைத்து, "அப்ப இந்தக் குண்டுதான் மொத்த வண்டியவும் தூக்குதா?" என்று கேட்டார். பழைய குண்டைத் திருப்பிப் பார்த்தால் கிரீஸ் காய்ந்து துருப்பொடியாகியிருந்தது. சுத்தும்போது கற்கள் உரசும் சத்தம்.

ஸ்பிரிங்கை எடுக்கும் நாளில் அவர் மகளை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். ஒரு சங்கிலியை ஸ்பிரிங் வழியாக விட்டுச் சட்டத்தோடு கட்டி, கீழ்க் கைக்கு ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு அங்குலமாக இறக்கினேன். அந்த இருபது நிமிடமும் அவர் வாய் திறக்கவில்லை. கீழே வந்ததும், "இனி பேசலாம்" என்றார்.

நாலு சனி ஞாயிறு ஆனது. மேல் பால் ஜாயிண்டுகளின் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுப்பதற்கே ஒரு பகல் போயிற்று. நட்டின் காடியும் ஸ்பிலிட் பின்னின் துளையும் நேராக வராவிட்டால் நட்டைத் தளர்த்தக் கூடாது, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும். இதை அவர் சொல்லவே இல்லை. நான் தளர்த்தப் போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரே ஒரு விஷயத்தில் எங்களுக்குள் வாக்குவாதம். கைகளைச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி ஸ்டாண்டில் தூக்கி நிற்கும்போதே முழுசாக இறுக்கச் சொன்னார். கையேடு வேறு சொன்னது. ரப்பர் இரும்போடு ஒட்டியிருக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால் அந்த நிலைதான் அதற்கு இயல்பு ஆகிவிடும். வண்டி தரையில் நின்றவுடன் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டி தன் எடையைத் தானே தாங்கி நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா. நின்ன பொறவுதான் இறுக்கோணும்" என்றார்.

வீல் அலைன்மென்ட் முடித்து, ஐ-35ல் ஏறினேன். வண்டி முன்னைவிட அதிகமாக அலைந்தது. இடது, வலது, இடது. பக்கத்துத் தடத்துக்காரர் ஹாரன் அடித்தார். எல்லாவற்றையும் அளந்து மாற்றியாகிவிட்டது, பிறகு எங்கே தப்பு என்று வயிறு கலங்கியது.

அப்பா சிரித்தார். "வண்டி சரியாயிருச்சு. நீதான் இன்னும் பழைய வண்டிய ஓட்டற. கைய சும்மா வெய்யி."

விரல்களைத் தளர்த்தினேன். பிக்கப் நேராகப் போனது. காற்றைத் திருப்பிப் பழகிய கை, இப்போது திருப்பிய ஒவ்வொன்றையும் சக்கரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. முன்பக்கத்தைச் சரிசெய்ய நாலு வாரம். கையைச் சரிசெய்ய மேலும் பத்து நாள் ஆயிற்று, அதற்கு எந்தக் கடையிலும் கருவி இரவல் கிடைக்கவில்லை.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். அங்கே விடியற்காலை மூன்று மணி என்றால் இங்கே முந்தின நாள் பிற்பகல் நாலரை. நான் கடைசி மீட்டிங்கில் இருப்பேன். போன் அடிக்கும். எடுத்தால் முதல் கேள்வி, "கிரீஸ் அடிச்சியா?"