நிற்பதற்கு முன்னால்

திருவனந்தபுரத்தில் வியர்வையை யாரும் ஒரு அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை. கும்ப மாதம் பிறந்துவிட்டால், காலையில் கட்டிய புடவை பத்து மணிக்கே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆற்றுக்கால் பகவதிக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலையன்று கிழக்கேகோட்டையிலும் தம்பானூரிலும் நடுரோட்டில் செங்கல் அடுக்கி, தென்னங்கொதும்பு எரித்து, புகைக்குள் குனிந்திருக்கும் கூட்டம் 2009இல் 25 லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அத்தனை பெண்களில் யாருக்கு அடுப்புச் சூடு, யாருக்கு உள்ளே மூளுகிற சூடு என்று எப்படிப் பிரிப்பது?

எனக்கு அது பிரிந்து தெரிந்தது இடவப்பாதிப் பருவமழையில்தான். வெளியே கொட்டித் தீர்க்கிறது. வீட்டுக்காரர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார். நெஞ்சிலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து முகத்துக்கும் அனல் ஏற, நான் எழுந்துபோய் ஃபேனை ஐந்தில் வைக்கிறேன். இரண்டு மூன்று நிமிஷம்தான். பிறகு வியர்வை ஆறி உடம்பு நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இதயக் கோளாறோ என்று வீடே பயந்தது. மாதவிலக்கு அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது என்பதால் வேறு சந்தேகம் யாருக்கும் எழவில்லை.

ஏனென்றால் நமக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: "நின்னாச்சா?" கேரளத்தில் அதற்குக் கூடுதல் கனம் உண்டு. 10 முதல் 50 வயது வரையுள்ள பெண்கள் சபரிமலை ஏறக்கூடாது என்ற வழக்கத்தை 1991இல் கேரள உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தீர்ப்புகள் எப்படி இருந்தாலும், எங்கள் தெருவில் பல அக்காமாருக்கு நின்றுபோனது என்றால் இனி மாலை போடலாம் என்கிற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லோரும் எதிர்பார்த்துக் கணக்கு வைப்பது நிற்கிற நாளை மட்டும். உடம்போ அதற்குச் சில வருஷம் முன்பே பேசத் தொடங்கிவிடுகிறது.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். மேலைநாடுகளில் இதற்குச் சராசரி வயது 51; நம் நாட்டில் 46, 47. ஆக, நாற்பதைத் தாண்டியதுமே ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கத் தொடங்கலாம். உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ், பீடிப் புகைக்கே தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற காவல்காரனாகிவிடுகிறது: துளி வெப்பம் கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது.

இது ஒன்றுதான் என்றால் சமாளித்துவிடலாம். தூக்கம் கெடும், மூட்டு வலிக்கும், தெரிந்த பெயர் நாக்குவரை வந்து நின்றுவிடும், காரணமில்லாமல் அழுகை வரும். சிறுநீர் எரிச்சலையும் உறவின்போது வரும் வலியையும் வாய்விட்டுச் சொல்கிற பெண் அபூர்வம். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: வயசாச்சு, பிரஷர், வரவர இவளுக்குக் கோபம் ஜாஸ்தி. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேஷத்தில் வரும் என்பதால் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

எனக்குக் கைகொடுத்தவை சாதாரணமானவை: சாயங்காலக் காப்பியை விட்டது, ராத்திரிக்குக் காரம் குறைத்தது, பருத்தி நைட்டி, விடிகாலையில் மியூசியம் வளாகத்தில் நடை. மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகத் தேயும்; நடையும் ராகியும் முள்ளோடு தின்கிற நெத்திலியும் அதற்காக. இவற்றுக்கு அடங்காத அனலுக்கு ஹார்மோன் சிகிச்சை இருக்கிறது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று அதைக் கேட்டாலே நடுங்க வைத்தது. பின்னால் ஆராய்ந்தபோது, 60 வயதுக்குள், நின்று 10 வருஷத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று தெளிந்தது. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது.

இந்த ஊரில் பக்கத்து வீட்டுச் சேச்சி அசோகாரிஷ்டம் என்கிற ஆயுர்வேத மருந்தைக் கொண்டுவராமல் இருக்கமாட்டாள். அன்பு பெரியதுதான். ஆனாலும் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கை அரிஷ்டத்தை நம்பி மாதக்கணக்கில் விடக்கூடாது. ஒரு வருஷம் நின்றபிறகு சொட்டு ரத்தம் பட்டாலும் "திரும்ப வந்துடுச்சு" என்று இருந்துவிடக்கூடாது. பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் தடயம், சீக்கிரம் கண்டால் குணப்படுத்தக்கூடியது. எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் தைக்காடு பெண்கள் மருத்துவமனையும் இருக்கிற நகரத்தில் அதைக் காட்டாமல் இருக்கக் கூச்சம் தவிர வேறு காரணம் இல்லை.

டாக்டர் முதலில் கேட்பது கடைசியாக வந்த தேதியை. கணவனின் சர்க்கரை அளவை மனப்பாடமாகச் சொல்கிற பெண்களும் அங்கே விழிப்பார்கள். கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளையும் பால் கணக்கையும் காலண்டரில் குறித்துவைக்கிறோம். அதே கட்டத்தில் நமக்கும் ஒரு புள்ளி வைக்க இடம் இருக்கிறது, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.