அம்மாவின் குரலுக்கு எந்தத் தட்டு?

என் அம்மா பாடிய தாலாட்டும் நலங்குப் பாட்டும் இரண்டு அறுபது நிமிஷக் கேசட்டுகளில் இருக்கின்றன. 1989-ல் பெரியப்பா பதிவு செய்தது. அம்மா இப்போது இல்லை. நாடாவும் அங்கங்கே இழுக்க ஆரம்பித்துவிட்டது. அது முழுக்கப் போவதற்குள் சி.டி.யில் ஏற்றிவிட வேண்டும் என்று முனைந்தேன்.

காலி சி.டி. கேட்டால் கடைக்காரர், “பாட்டுக்கா, கம்ப்யூட்டருக்காம்மா? பாட்டுக்குன்னா ‘ஆடியோ’ன்னு போட்டதுதான் எடுக்கணும். விலை கூட. சாதாரணத்துல குரல் நல்லா வராது” என்றார். இட்லி அரிசிக்கும் சாப்பாட்டு அரிசிக்கும் உள்ள மாதிரி நிஜமாகவே வித்தியாசம் உண்டா என்று தெரியாமல் காசைக் கொடுக்க மனம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் படித்த தம்பி மகனைக் கேட்டேன். “அத்தை, ரெண்டும் ஒண்ணுதான்” என்று சிரித்தான். இரண்டிலுமே பிளாஸ்டிக் தட்டு, அதன் மேல் ஒரு சாயப் பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. லேசர் ஒளி சாயத்தில் அடையாளம் போடுகிறது. ‘ஆடியோ’ தட்டில் கூடுதலாக ஒரு சங்கேதக் குறி உண்டு. கம்ப்யூட்டர் இல்லாமல் வீட்டில் தனியாக வைத்துப் பதியும் சி.டி. ரிக்கார்டர்கள் அந்தக் குறி இருந்தால்தான் தட்டை ஏற்கும். அமெரிக்காவில் 1992-ல் வந்த சட்டப்படி அந்தத் தட்டின் விலையில் ஒரு பங்கு இசைத் துறையினருக்குப் போகும். விலை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். கம்ப்யூட்டர் அந்தக் குறியைப் பார்ப்பதே இல்லை. நல்ல தயாரிப்பாக இருந்தால் போதும்.

வித்தியாசம் இருப்பது பதியும் விதத்தில். ஆடியோ முறையில் பதிந்தால் ஒரு தட்டில் 80 நிமிஷம் பிடிக்கும். பழைய சி.டி. பிளேயரிலும் பாடும். சின்னக் கீறல் விழுந்தால், விட்டுப்போன இடத்தை பிளேயர் உத்தேசமாக நிரப்பிக்கொண்டு போய்விடும். டேட்டா முறையில் 700 எம்.பி. பிடிக்கும். பிழை திருத்தும் ஏற்பாடு இதில் அதிகம். பதிந்தது அப்படியே அட்சரம் பிசகாமல் திரும்பி வரும். ஆனால் கீறல் ஆழமானால் ஃபைல் திறக்காமலே போகலாம். பழைய பிளேயர்களுக்கு இது புரியவும் புரியாது.

ஆகவே, சகோதரிகளே, நான் சாதாரணத் தட்டுகளையே வாங்கினேன். கேசட்டுக்கு ஒன்றாக, கேட்பதற்கு ஆடியோ முறையில் இரண்டு. பத்திரப்படுத்த டேட்டா முறையில் இரண்டு. பத்திரப்படுத்துவது தம்பி வீட்டில் இருக்கிறது. பென் டிரைவிலும் ஒரு பிரதி உண்டு. கேசட்டையும் தூக்கிப் போடவில்லை.

தட்டை ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். வெயில் படாமல் உறையில் போட்டு நிறுத்தி வையுங்கள். எழுதும் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதாதீர்கள். உலோகப் பூச்சு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஐப்பசியில் அக்கா மகளுக்குப் பிரசவம். கொள்ளுப்பாட்டியின் தாலாட்டில் அந்தக் குழந்தை தூங்கட்டும்.