ஈரம் 15, தூசி 3

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் சாலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நார் மில்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றில் ஒன்றின் முதலாளி, ஏற்றுமதியாளர் அனுப்பிய ஆர்டர் தாளை என்னிடம் நீட்டினார். சீனத்துக்குப் போகும் சரக்கு. ஈரப்பதம் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, தூசி 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இரண்டே வரிகள்.

“இதுல ஒண்ணு தப்புனாலும் அங்க போய் வெலையக் கொறைச்சுருவாங்க. சரக்கு அவங்க ஊர்ல நிக்கிறப்ப நாம என்னங்க பண்ண முடியும்?” என்றார்.

அந்த இரண்டு வரிகளைக் காப்பாற்றுவது யார் என்று பார்க்கத்தான் நான் அங்கேயே தங்கினேன்.

தேங்காய் மட்டை லாரியில் வந்து குவிகிறது. தண்ணீர் பாய்ச்சி ஊறவிட்டு, நசுக்கி, மிஷினுக்குள் தள்ளுகிறார்கள். உள்ளே சுழலும் ஆணிகள் மட்டையைக் கிழித்து நாரை ஒரு பக்கமும் சோற்றுத்தூளை இன்னொரு பக்கமும் தள்ளுகின்றன. மட்டையில் ஏறக்குறைய 30 விழுக்காடுதான் நார். மீதி தூள். அந்தத் தூள் ஒரு காலத்தில் மில்லுக்குப் பின்னால் குப்பைமேடாகக் கிடந்தது. இன்று கழுவி, உப்பு நீக்கி, கட்டியாக அழுத்தி நெதர்லாந்துக்கும் கொரியாவுக்கும் பசுமைக்குடில் விவசாயத்துக்காக அனுப்புகிறார்கள். மிஷினை விட்டு வரும் நார் ஈரமாக, தூள் ஒட்டியபடி இருக்கும். உருளைச் சல்லடையில் சுற்றவிட்ட பிறகு அது களத்துக்குப் போகிறது.

களம்தான் இந்தத் தொழிலின் உயிர். சிமெண்ட் தரையில் நாரை மெல்லிய படுகையாக விரிக்க வேண்டும். கனமாக விரித்தால் மேலே காய்ந்து அடியில் ஈரம் தங்கும். கவைக்கம்பால் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். முகத்தைத் துணியால் கட்டியிருந்தாலும் கண்ணிமையில் தூசி படிந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிச் சாரல் ஐந்து நிமிடம் பெய்தாலும் ஒரு நாள் வேலை போய்விடும். வானம் கறுக்கத் தொடங்கியதுமே ஓடிப்போய்க் கூட்டி அள்ளி, தார்ப்பாய் போடுகிறார்கள்.

“மீட்டர் வெச்சுப் பாப்பீங்களாக்கா?” என்று களத்தில் இருந்த ஒருவரைக் கேட்டேன்.

“மீட்டரு ஆபீஸ்ல இருக்குது கண்ணு. நாங்க ஒரு கை அள்ளி முறுக்கிப் பாப்போம். காஞ்ச நாரு சடசடங்கும். ஈரம் இருந்தா சத்தமே வராது.”

அவர் காய்ந்தது என்று சொன்ன பிறகுதான் நார் பிரஸ்ஸுக்குப் போனது. அங்கே நாரை அழுத்திக் கட்டிப் பேல் போடுகிறார்கள். ஒவ்வொரு பேலும் நூறு கிலோவைத் தாண்டும். ஈர நாரை இப்படி இறுக்கிக் கன்டெய்னரில் அடைத்தால், கடலில் போகும் நாட்களில் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும்.

சீனத்தில் இந்த நார் பெரும்பாலும் மெத்தையாகிறது. கெட்டியான படுக்கைதான் முதுகுக்கு நல்லது என்ற எண்ணம் அங்கே ஆழமாக உண்டு. அவர்களுடைய தென்மேற்கு மலைகளில் விளையும் பனைவகை நாரில் மெத்தை செய்வது பழைய வழக்கம். நகரங்கள் பெருகி அடுக்குமாடி வீடுகள் எழுந்தபோது அந்த நார் போதவில்லை, விலையும் அதிகம். அந்த இடத்துக்குத் தென்னை நார் போய்ச் சேர்ந்தது. இந்திய நாரை மிக அதிகமாக வாங்கும் நாடு இன்று சீனம்தான்.

ஒரே கடைக்காரரை நம்பிப் பால் ஊற்றுகிற வீட்டின் நிலைதான் நார் மில்களுக்கும். 2021-இல் கன்டெய்னர் வாடகை பன்மடங்கு ஏறியது. 2022 வசந்தத்தில் ஷாங்காய் ஊரடங்கில் முடங்கியது. அந்தக் காலத்தில் நார் களத்திலேயே தேங்கியதையும், சுற்றியிருந்த மில்கள் மிஷினை நிறுத்தியதையும் முதலாளி சொன்னார். தூள் பல நாடுகளுக்குப் போனதால்தான் அவர் தாக்குப்பிடித்திருக்கிறார்.

சிறிய மில்கள் நேராக ஏற்றுமதி செய்ய முடியாதா? முடியும் என்றே நான் நினைக்கிறேன். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். காயர் வாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். 30 விழுக்காடு முன்பணம், மீதி கப்பல் ரசீதின் நகலைக் காட்டியதும் என்பது இந்த வியாபாரத்தில் பழகிய முறை. வாங்குபவர் கைவிரித்தால் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்ட, 1957-இல் தொடங்கிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனத்தின் காப்பீடு இருக்கிறது. இதை எடுக்காமல் தெரியாத ஊருக்குச் சரக்கு அனுப்புவது கூடவே கூடாது.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நாற்பதடிக் கன்டெய்னரைத் தனியாக நிரப்புவதற்குள் சிறிய மில்லுக்குப் பணம் முடங்கிவிடும். நான்கு மில்கள் சேர்ந்து நிரப்பலாம். ஆனால் ஒரு மில்லின் பத்து ஈரப் பேல்கள் நான்கு பேரின் பெயரையும் கெடுத்துவிடும். ஆகவே கூட்டுச் சேர்வது என்றால் முதலில் ஒரே மீட்டர், ஒரே சல்லடை, ஒரே களக் கணக்கு வேண்டும். எந்தப் பேல் எந்தக் களத்தில் காய்ந்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். நாரை அப்படியே விற்காமல், ஊசி மிஷினில் தட்டி விரிப்பாக்கி அனுப்பும் யோசனை அதற்கு அடுத்த படி. இந்த ஒழுங்கு இல்லாமல் அதில் முதல் போடுவது ஆபத்து.

இந்தக் கணக்கில் களத்துப் பெண்களின் கூலியும் சேர வேண்டும். தரமான சரக்குக்குக் கிடைக்கும் கூடுதல் விலை முதலாளிக்கும் ஏற்றுமதியாளருக்கும் இடையில் பிரிகிறது. கையால் முறுக்கி ஈரம் பார்ப்பவருக்கு மழை நாளில் கூலியே இல்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து மில் வளாகத்திலேயே குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களின் நிலையும் இதுதான். மழை நாளுக்குப் பாதிக் கூலி, தூசி தடுக்கும் நல்ல முகக்கவசம், தள்ளுபடி இல்லாமல் போய்ச் சேர்ந்த ஒவ்வொரு கன்டெய்னருக்கும் களத்துக்கு ஒரு பங்கு. இவற்றைச் செலவாக எழுதாமல் சரக்கின் அடக்க விலையிலேயே சேர்த்துத்தான் சீனத்துக்காரரிடம் விலை பேச வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “பக்கத்து மில்லுக்காரரும் அதே வெலை சொன்னாத்தானுங்க நான் சொல்ல முடியும்” என்றார். பக்கத்து மில்காரரைப் பார்க்க மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே போனோம்.