பஞ்சாரத்துக்குள் யாரை அடைப்பது?

கொல்லையில் ஏழு பெட்டைகள், ஒரு சேவல். போன மாதம் பார்த்தால் சாம்பல் பெட்டைக்கு வாலடி மொட்டை. பேனோ செள்ளோ என்று விலக்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மறுநாள் டீயும் கையுமாக அரை மணி நேரம் உட்கார்ந்ததில் ஆள் சிக்கியது: செவலை. பிடுங்கிய இறகைத் தின்றுகொண்டிருந்தாள்!

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டரப்-எப்பே 1920களிலேயே அதை எழுதிவைத்தார். அந்த அதட்டல் வேறு, இறகு தின்பது வேறு. இறகு பெரும்பாலும் புரதம். நான்தான் மழையைச் சாக்கிட்டுக் கூண்டைத் திறக்காமல், வெறும் குருணையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டேனா? அடிபட்டவளைத் தனியே அடைத்தேன். திரும்ப விட்டதும் புதுசாக வந்தவளைப்போல எல்லாரும் சேர்ந்து கொத்தினார்கள். அத்தைதான் சொன்னார், "அடிக்கிறவளை அடைடா." செவலைக்கு நாலு நாள் பஞ்சாரம். வெளியே வந்தபோது பழைய மிடுக்கில் பாதிதான் இருந்தது.

புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும்; ரத்தச் சிவப்பு தெரிந்தால் மற்றவையும் கொத்தும். பழைய பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்துக் கவிழ்த்து வைக்கிறேன். காலையில் கரையான் விருந்து. எட்டிக் கொத்தும் உயரத்தில் முருங்கைக் கொத்து. தீனி இப்போது இரண்டு இடத்தில்.

சாம்பலுக்குக் குருத்திறகு வருகிறது. ஆனால் செவலை பார்க்கிற பார்வை இன்னும் சரியில்லை.