மம்மிக்கு அடுத்து, வண்டு

கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் மெட்ரோவில் இறங்கிச் சற்று நடந்தால் அந்த வெள்ளை மாளிகை. பலகையில் இந்திய அருங்காட்சியகம். ஊர்க்காரர்களுக்கு அது 'ஜாதுகர்', மாய வீடு. 1814இல் ஏசியாட்டிக் சொசைட்டியில் பிறந்த அருங்காட்சியகம், 1878இல் சௌரங்கியில் இந்தக் கட்டடத்தில் பொதுமக்களுக்குத் திறந்தது. வருகிறவர்கள் எகிப்து மம்மியைத்தான் முதலில் தேடுகிறார்கள். தென்னந்தோப்பு வைத்திருக்கும் தமிழர் மட்டும் பூச்சிக் கூடத்துக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும்.

காரணம், காண்டாமிருக வண்டு. மம்மியின் தேசத்தார் கும்பிட்ட சாணி உருட்டும் வண்டின் உறவுதான். ஆனால் இதைக் கும்பிட ஆளில்லை. இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். பிறகு விரியும் ஓலை, கத்தரியால் வெட்டிய விசிறிபோல நிற்கும். எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் அதன் வெள்ளைப் புழு கொழுக்கும். தீவுகளில் இது இன்னும் கொடுமை: அங்கே பல குடும்பங்களுக்குத் தென்னையை விட்டால் வேறு வருமானம் இல்லை. 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு கப்பலேறி சமோவாவில் இறங்கிய வண்டு, பசிபிக் தீவுகள் பலவற்றில் கால் பதித்தது. மலேசியாவில் 1963இல் ஹ்யூகர் கண்ட ஒரு வைரஸ்தான் அதற்கு எமன். லட்சத்தீவின் மினிக்காயில் 1980களில் அதை ஏவிப் பலன் கண்டார்கள்.

எந்த வண்டு என்று தெரியாமல் வைத்தியம் ஏது? அந்த அடையாள வேலைக்காகவே பிறந்தது இந்திய விலங்கியல் ஆய்வகம், 1916 ஜூலை 1 அன்று, இதே மாளிகையில். அதற்கு வெகு முன்பே, 1872இல், அருங்காட்சியகத்தின் வுட்-மேசன் உயிரினம் தேடி அந்தமானுக்குக் கப்பலேறியிருந்தார்.

1942இல் வந்தது சோதனை. அந்தமானை ஜப்பான் பிடித்தது. கொல்கத்தாவிலும் குண்டு விழும் என்ற அச்சத்தில் சேகரிப்புகள் ரயிலேறி வாரணாசி போயின. அடுத்த ஆண்டே வருணா நதி பெருகி உள்ளே புகுந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று காசிக்கு அனுப்பியவற்றில் பல அங்கேயே பாழாயின. தொலைந்ததைத் தீவுக்குப் போய் மறுபடி பிடித்து வரலாம் என்றால், தீவோ எதிரி கையில்!

தலைமையகம் இப்போது நியூ அலிப்பூரில். ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய போர்ட் பிளேரில் 1977 முதல் ஒரு கிளை இருக்கிறது. ஜாதுகர் பார்க்கப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். அன்று மம்மிக்கும் வண்டுக்கும் விடுமுறை.