எடையும் சுமையும்

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் ஓர் அட்டவணை உண்டு. காலனிய இந்தியாவின் வேட்டைத் துப்பாக்கிகள் காலப்போக்கில் எவ்வாறு எடை குறைந்தன என்பதைக் காட்டுவது அதன் நோக்கம். தயாரிப்பாளர், ஆண்டு, குழல் விட்டம், எடை என நான்கு பத்திகள். ஓராண்டுக்கும் மேலாக அதைச் செப்பனிட்டேன். சென்ற மே மாதம் குமாவுன் அடிவாரத்துச் சால் காடு ஒன்றில், ஒரு வனக்காவலருடன் நடந்த ஒரு பகல்பொழுது அந்த அட்டவணையின் குறையை எனக்குக் காட்டியது.

முதலில் அட்டவணை சொல்லும் கதையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கரும்பொடிதான் வெடிமருந்து. அது குண்டுக்குப் பெரிய வேகத்தைத் தராது. ஆகவே பெரிய விலங்கை வீழ்த்தப் பெரிய குண்டு, அதற்குப் பெரிய குழல், அதன் உதைப்பைத் தாங்கக் கனமான துப்பாக்கி எனத் தேவைகள் அடுக்கடுக்காக ஏறின. இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கரிடம் 21 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கி ஒன்று இருந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா வெடிமருந்தும் உறுதியான எஃகும் வந்தபின் சிறிய குண்டை மிகுந்த வேகத்தில் செலுத்த முடிந்தது. துப்பாக்கிகள் இளைத்தன. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக 1907ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட்டுக்கு வழங்கப்பட்ட .275 ரிக்பி ரைஃபிள், சுமார் மூன்றரைக் கிலோ அளவிலான வகையைச் சேர்ந்தது.

இதற்கு மேலும் இளைக்க வைக்கத் துப்பாக்கிக் கொல்லர்கள் பல வழிகளைக் கையாண்டனர். குழலைக் குறுக்குவர், குழலின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் பள்ளங்கள் செதுக்குவர், தோளில் பதியும் பின்கட்டையின் உள்ளே குடைவர், முன்கட்டையை வெட்டிச் சிறிதாக்குவர். பின்னாளில் வால்நட் மரத்துக்குப் பதிலாகச் செயற்கை இழைக் கட்டைகளும் வந்தன.

ஆனால் துப்பாக்கியின் எடை வீணாக அங்கே இருப்பதில்லை. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப உதைப்பின் ஆற்றல் கூடுகிறது. இதற்கு நல்ல சான்று, இரண்டாம் உலகப்போரின் இறுதியில் கிழக்காசியக் காடுகளை மனத்தில் கொண்டு பிரித்தானியர் உருவாக்கிய லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் ரைஃபிள். நான்காம் எண் ரைஃபிளின் நீளத்தில் சுமார் 13 சென்டிமீட்டரைக் குறைத்து, உலோகப் பாகங்களை ஆங்காங்கே குடைந்து, ஏறக்குறைய 4.1 கிலோவை 3.2 கிலோவாக்கினர். எடை 22 விழுக்காடு குறைந்தது. கணக்கிட்டால் உதைப்பின் ஆற்றல் 28 விழுக்காடு அளவுக்குக் கூடியிருக்கும். உதைப்பைத் தணிக்கப் பொருத்திய ரப்பர் பட்டையும் குறுகலானது. தோளில் ஒரே இடத்தில் இடித்தது. ஒருமுறை சரிசெய்த குறி நிலைத்து நிற்பதில்லை என்ற முறையீடும் எழுந்தது. 1944இல் தொடங்கிய உற்பத்தி 1947இல் நின்றுபோயிற்று.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. இதை வைத்து, எடைக்கும் உதைப்புக்கும் இடையிலான பேரம்தான் வேட்டைத் துப்பாக்கியின் வரலாறு என்று இயலை முடித்திருந்தேன்.

அன்று என்னுடன் வந்த வனக்காவலருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவ்வூர் வழக்கப்படி நான் அவரைத் ‘தாஜ்யூ’ என்று அழைத்தேன். அண்ணன் என்று பொருள். அவர் என்னை ‘மேடம் ஜீ’ என்றே அழைத்தார். அவர் தோளில் .315 ரைஃபிள். இராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று காலனிய அரசு தடுத்ததால், லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே வேறு தோட்டாவுக்கெனச் செய்யப்பட்ட வகை அது. விடுதலைக்குப் பின் இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் அவ்வகை தயாரிக்கப்பட்டது. அட்டவணையில் பதினேழாம் வரிசையில் இருந்த பொருளை முதன்முறையாக ஒருவர் தோளில் பார்த்தேன்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் நான் இரண்டு முறை தண்ணீர் குடித்திருந்தேன். அவர் குடிக்கவில்லை. வறண்ட ஓடைப் படுகையொன்றைக் கடந்து மேட்டில் ஏறியதும், தலை சுற்றுகிறது என்று ஒரு சால் மரத்தடியில் அமர்ந்துவிட்டார். என் தண்ணீரை நீட்டினேன். குடித்தபின், தாம் அரை லிட்டர் பாட்டில் மட்டுமே கொண்டுவந்ததாகவும் அது வழியிலேயே தீர்ந்துவிட்டதாகவும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். ரைஃபிள், தோட்டா, வாக்கி டாக்கி, டார்ச், சப்பாத்திப் பொட்டலம் என்று விரல் மடக்கி எண்ணினார். இவற்றில் எதைக் குறைக்க முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

“துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மேடம் ஜீ. தண்ணீரை விட்டுவிட்டு வந்தால் தொண்டை மட்டும்தான் கேள்வி கேட்கும்.”

ரைஃபிளை நான் சிறிது தூரம் சுமக்கிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே மறுத்தார். விதிப்படி அது தவறு என்பது எனக்கும் பின்னர்தான் உறைத்தது.

அந்த ரைஃபிளில் அவர் செய்திருந்த மாற்றம் ஒன்றே ஒன்று. தோல் வாரில் தோள்மீது படும் பகுதியைச் சுற்றிப் பழைய கம்சா துண்டை நான்காக மடித்துத் தைத்திருந்தார். துப்பாக்கியின் எடை அதனால் சில கிராம் கூடியிருக்கும். ஆனால் வார் தோளை அறுப்பது நின்றது. அரசு உடைமையில் கைவைக்க அவருக்கு உரிமையில்லை. குழலைக் குறுக்குவதோ, உரிமமின்றி எவர் செய்தாலும், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி குற்றம். அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது அந்த வார் மட்டுமே.

திரும்பி வந்ததும் கார்பெட்டின் சம்பாவத் நிகழ்ச்சியை மீண்டும் படித்தேன். அவர் அன்று எடுத்துச் சென்றவை மூன்றே தோட்டாக்கள்: சுட இரண்டு, அவசரத்துக்கு ஒன்று. மூன்றும் தீர்ந்தபின்பும் புலி விழவில்லை. ஓடிச்சென்று தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து சுடும்படி ஆயிற்று. முன்பு இதைத் துணிச்சலின் கதையாக மட்டுமே படித்திருந்தேன். இப்போது, எதை எடுத்துச் செல்வது, எதை விடுவது என்று தாமே முடிவுசெய்ய முடிந்த ஒருவரின் கதையாகவும் அது தெரிகிறது. என் தாஜ்யூவுக்கு அத்தேர்வு தண்ணீர் விஷயத்தில் மட்டுமே இருந்தது.

எடை என்பது துப்பாக்கியின் பண்பு. சுமை என்பது அதற்கும் ஒரு மனிதருக்கும் இடையே உள்ள உறவு. பேக்கரின் ஒன்பதரைக் கிலோ, வேட்டைக்களம் வரை, பெரும்பாலும் அவருக்குச் சுமையாக இருந்திராது. அக்கால வேட்டையில் துப்பாக்கி தூக்கிகள் வழக்கமாக உடன்சென்றனர். சுமப்பவரும் சுடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருந்தவரை எடை யாரையும் அவ்வளவு உறுத்தவில்லை. இருவரும் ஒருவரே ஆனபோது அது பேசுபொருளாயிற்று. புகையில்லா வெடிமருந்தை மட்டும் காரணமாகக் காட்டிய என் இயலில் இந்தப் பாதி இல்லவே இல்லை.

அட்டவணையில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: ‘சுமந்தவர்’. இருபத்து மூன்று வரிசைகளில் நான்குக்குத்தான் இதுவரை பெயர் கிடைத்திருக்கிறது. மற்றவற்றில் ‘ஒரு கூலி’, ‘என் ஆள்’ என்றே மூலங்கள் குறிக்கின்றன. அக்கட்டங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் எவரேனும் வேட்டைக்காரர்களிடமோ வனத்துறையிலோ துப்பாக்கி சுமந்திருந்தால், அவர்களைப் பற்றிய நினைவு எதுவாயினும், எனக்கு எழுதுங்கள். நாட்குறிப்போ ஆவணமோ வேண்டும் என்பதில்லை. ஒரு பெயரும், அவர் எந்தக் காட்டில் நடந்தார் என்பதும் போதும்.